'ஆலிஸஸ் ரெஸ்டாரண்ட்': குப்பை கொட்டியவரின் பதினெட்டு நிமிடப் போர் எதிர்ப்புப் பாடல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்லோ கத்ரியின் இந்தப் பாடலை யாருக்காவது அனுப்பிவைத்தால் மறுநாளே சந்தேகங்கள் வரிசை கட்டி வந்துவிடும். பாதி பேர் நடுவிலேயே நிறுத்திவிட்டு "எப்போது பாடத் தொடங்குவார்?" என்று கேட்கிறார்கள். முழுவதும் கேட்டவர்களுக்கோ இன்னும் பெரிய சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவிட்டேன்.

இது என்ன பாட்டு? நவம்பர் மாதம் வந்தால் மட்டும் ஏன் இதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஆர்லோ கத்ரி 1967-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற பாடல் இது. நீளம் பதினெட்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் இதற்கே சரியாகப் போய்விட்டது. வியட்நாம் போருக்கு ஆள் எடுத்த கட்டாய ராணுவச் சேவையைக் கேலி செய்யும் பாடல் இது. சிரிக்காமல் கேட்டு முடிப்பது கடினம்.

நவம்பருக்குக் காரணம், கதை தேங்க்ஸ்கிவிங் எனப்படும் நன்றி நவிலல் நாளில் தொடங்குகிறது. 1941-இல் இயற்றிய சட்டப்படி அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அந்தப் பண்டிகை. அன்று நண்பகலில் இந்தப் பாடலை முழுமையாக ஒலிபரப்புவதை அங்கே பல வானொலி நிலையங்கள் வழக்கமாகவே வைத்திருக்கின்றன. கிறிஸ்துமஸுக்குப் பாடல்கள் குவிந்து கிடக்கின்றன. நன்றி நவிலல் நாளுக்கு ஊரறிந்த பாட்டு என்று அதிகம் கிடையாது. அந்த இடத்தில் குப்பையைப் பற்றிய ஒரு பாடல் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாட்டு என்கிறீர்கள். ஆனால் அவர் பேசிக்கொண்டேதானே இருக்கிறார்?

ஆமாம். கிட்டார் ஒரே சுழலில் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் அவர் கதை சொல்வார். பல்லவி தொடக்கத்தில் ஒருமுறையும் பிறகு கடைசியிலும்தான் வரும். இடைப்பட்ட நேரம் முழுக்கப் பேச்சு. நம் வில்லுப்பாட்டில் கதை ஓட ஓட வில் ஒலித்துக்கொண்டே இருக்குமே, அந்தக் காதோடு கேட்டால் பழகிவிடும்.

அமெரிக்காவில் இதற்குப் பழைய மரபு உண்டு. தாளத்தோடு பேசியபடி கதை சொல்லும் இந்த வகைக்கு 'டாக்கிங் புளூஸ்' என்று பெயர். கிறிஸ் பூஷிலான் என்பவர் 1926-இல் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆர்லோவின் தந்தை ஊடி கத்ரி இதில் பெரிய கை. உழைப்பாளிகளுக்காகவும் நிலமிழந்தவர்களுக்காகவும் பாடிய அவரை அமெரிக்க நாட்டுப்புற இசையில் தெரியாதவர்கள் இல்லை. ஹண்டிங்டன் நோயால் நீண்டகாலம் படுக்கையில் கிடந்து 1967 அக்டோபரில் அவர் இறந்தார். மகனின் பெயர் நாடெங்கும் பரவத் தொடங்கியது ஏறக்குறைய அதே நாட்களில்தான்.

ஆங்கிலம் வேகமாகப் போகிறது. கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். ஆனால் சுருக்கினால் இந்தக் கதையின் உயிர் பாதி போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலிஸ், ரே என்ற தம்பதி வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தை வீடாக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். கூடத்தில் இருந்த நீள இருக்கைகளை எடுத்துவிட்டதால் ஏகப்பட்ட இடம். இடம் இருக்கிறதே என்று நெடுநாளாகக் குப்பையையே வெளியே எடுத்துப் போடவில்லை. விருந்துக்கு வந்த ஆர்லோவும் நண்பரும், நன்றிக்கடனாக, அந்த அரை டன் குப்பையைச் சிவப்பு வோக்ஸ்வாகன் வேனில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார்கள். பண்டிகை நாள் என்பதால் குப்பைக் கிடங்கு பூட்டியிருக்கிறது. சுற்றித் திரிந்ததில், ஒரு சரிவின் அடியில் யாரோ ஏற்கெனவே கொட்டிய குப்பை தெரிகிறது. இரண்டு சிறிய குவியலைவிட ஒரு பெரிய குவியல் மேல் என்று முடிவு செய்கிறார்கள். கீழே இருப்பதை மேலே கொண்டுவருவதைவிட மேலே இருப்பதைக் கீழே தள்ளுவது எளிது அல்லவா?

மறுநாள் காலை காவல்துறை அதிகாரி ஓபி தொலைபேசியில் அழைக்கிறார். குப்பைக்கு அடியில் ஓர் உறை, அதில் பெயர். கைது, சிறை, ஆலிஸ் வந்து பிணையில் மீட்பது, மறுபடி விருந்து. அடுத்த நாள் நீதிமன்றம். ஓபியின் கையில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு, பின்பக்கம் விளக்கம் எழுதிய 27 பெரிய வண்ணப் புகைப்படங்கள். நீதிபதி உள்ளே வருகிறார், கூடவே வழிகாட்டி நாயும். நீதிபதிக்குக் கண் பார்வை இல்லை. ஓபி நாயைப் பார்க்கிறார், படங்களைப் பார்க்கிறார், அழுதேவிடுகிறார். அபராதம் கட்டு, குப்பையை அள்ளு என்று தீர்ப்பு.

சரி, குப்பை கொட்டியதற்கும் ராணுவத்துக்கும் என்ன தொடர்பு?

இந்த இடத்தில்தான், தான் பேச வந்தது குப்பையைப் பற்றியே இல்லை என்று பாடகர் போகிறபோக்கில் சொல்வார். அப்போது பாட்டில் பாதி தீர்ந்திருக்கும்.

1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன், மாதந்தோறும் படைக்கு அழைப்போரின் எண்ணிக்கையை 17,000-இலிருந்து 35,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். பதினெட்டு வயதான ஆண்கள் பதிவு செய்தாக வேண்டும். அழைப்பு வந்தால் போய் உடல், மனச் சோதனைகளுக்கு நிற்க வேண்டும். நியூயார்க்கில் அந்த இடம் 39, வைட்ஹால் தெரு. பாடலில் ஆர்லோ அங்கே போகிறார். மனநல மருத்துவரிடம் தன்னைப் பைத்தியம்போலக் காட்டிக்கொள்ளப் பார்க்கிறார். கொல்ல வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும் என்று கத்திக் குதிக்கிறார். மருத்துவரும் சேர்ந்து குதிக்கிறார். 'நீதான் எங்களுக்கு வேண்டிய ஆள்' என்று பதக்கம் குத்தி அனுப்பிவிடுகிறார்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: 'எப்போதாவது கைதானது உண்டா?' குப்பை வழக்கைச் சொல்கிறார். உடனே, படையில் சேரும் அளவுக்கு ஒழுக்கம் இருக்கிறதா என்று சந்தேகத்துக்கு உள்ளானவர்களுக்கான பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். அங்கே கொடிய குற்றங்கள் செய்தவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். 'நீ என்ன செய்தாய்?' 'குப்பை கொட்டினேன்.' அத்தனை பேரும் அருவருத்துத் தள்ளி உட்காருகிறார்கள். 'பொதுத் தொல்லையும் விளைவித்தேன்' என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் திரும்பி வந்து கைகுலுக்குகிறார்கள்!

இதெல்லாம் உண்மையில் நடந்ததா, கட்டுக்கதையா?

குப்பைக் கதையின் எலும்புக்கூடு உண்மை. 1965 நவம்பர் 25 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் நடந்தது. ஆர்லோவுக்கு அப்போது 18 வயது. இரண்டு இளைஞர்கள் சரிவில் குப்பை கொட்டிப் பிடிபட்டார்கள் என்று சில நாட்களில் உள்ளூர் நாளிதழில் செய்தியும் வந்தது. ஆளுக்கு 25 டாலர் அபராதம். பாடலில் வரும் 50 டாலர் என்பது இருவருக்கும் சேர்த்த கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். கொட்டிய குப்பையைக் கனமழைக்குப் பிறகு அவர்களே அள்ளினார்கள். தள்ளிவிட்டதைவிட மேலே இழுத்து வருவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது என்று காவல்துறைத் தலைவர் செய்தியாளரிடம் சொல்லியிருக்கிறார். பாடலில் இருந்திருக்க வேண்டிய வரி அது.

பார்வையற்ற நீதிபதியும் உண்மையான மனிதர்தான். பெயர் ஜேம்ஸ் ஹானன். இது கற்பனையாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். சிறைக் காட்சியின் அட்டகாசமும், பெஞ்சில் நடக்கும் உரையாடலும் கதைசொல்லியின் கைவண்ணம். ஒரு பாட்டிடம் அதற்கு மேல் சத்தியப் பிரமாணம் கேட்கக் கூடாது.

அப்படியானால் குப்பை வழக்கைக் காட்டி அவர் ராணுவத்திலிருந்து தப்பித்துவிட்டார், அப்படித்தானே?

பாடலை இன்னொரு முறை கேளுங்கள். தன்னை நிராகரித்துவிட்டார்கள் என்று அவர் எங்குமே சொல்லவில்லை. 'உன்னைப் போன்ற ஆட்களை எங்களுக்குப் பிடிக்காது, உன் கைரேகையை வாஷிங்டனுக்கு அனுப்பப் போகிறோம்' என்று சார்ஜெண்ட் சொல்வதோடு நிகழ்ச்சி நின்றுவிடுகிறது. நாட்டின் தலைநகரில் ஏதோ ஒரு கோப்புக்குள் தன் விரல்கள் உறங்குகின்றன என்கிறார், அவ்வளவுதான். ஆர்லோ கத்ரி ராணுவத்தில் பணிபுரியவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அந்தக் குப்பைதான் என்பது கேட்பவர்கள் தாங்களாகவே கட்டி முடித்த கதை.

ஆலிஸ் என்பவர் யார்? அந்த உணவகம் எங்கே இருக்கிறது? கதையில் வரவே இல்லையே?

வராது. உணவகத்தின் பெயர்கூட இது கிடையாது, பாடலின் பெயர் மட்டும்தான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆலிஸ் பிராக் அந்தப் பகுதியில் ஆர்லோ படித்த பள்ளியின் நூலகர். கணவர் ரே அங்கே தொழிற்கல்வி ஆசிரியர். ஸ்டாக்பிரிட்ஜ் முதன்மைத் தெருவில் ஆலிஸ் நடத்திய சிறிய உணவகத்தின் பெயர் 'தி பேக் ரூம்'. ஏறத்தாழ ஓராண்டு நடத்திவிட்டு மூடிவிட்டார். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற அந்தப் பல்லவி அந்த உணவகத்துக்கான விளம்பரம்போலத்தான் பிறந்தது. கதை பிறகு வளர்ந்தது.

ஊர் ஊராகத் தெரிந்த பெயர் ஆலிஸுக்கு ஆறுதலைவிடச் சங்கடத்தையே அதிகம் தந்தது. 1969-இல் ஒரு சமையல் நூல் எழுதினார். பிறகு கேப் காட் கடற்கரையில் உள்ள பிராவின்ஸ்டவுன் ஊரில் ஓவியராக வாழ்ந்தார். 2024 நவம்பர் 21 அன்று, நன்றி நவிலல் நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னர், 83-ஆவது வயதில் காலமானார். அவர்கள் வாழ்ந்த தேவாலயம் அருகிலுள்ள கிரேட் பேரிங்டன் ஊரில் இருக்கிறது. 1991-இல் அதை ஆர்லோ வாங்கி, எல்லாச் சமயத்தினரும் கூடும் மையமாக்கினார். நன்றி நவிலல் நாளில் அங்கே விருந்தும் நடக்கிறது. குப்பை ஊர்ந்த வழியிலேயே நடைப்பயணம் போய், தந்தையைக் கொன்ற ஹண்டிங்டன் நோய்க்காக நிதி திரட்டுகிறார்கள்.

பாவம் அந்த ஓபி. தன் கடமையைத்தானே செய்தார்? அவரை இப்படிக் கேலி செய்யலாமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஓபி என்கிற வில்லியம் ஓபன்ஹைன் ஸ்டாக்பிரிட்ஜின் காவல்துறைத் தலைவர். தடயம் கிடைக்கும்வரை இரண்டு மணி நேரம் குப்பையைக் கிளறியவர். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதே ஊர்க்காரரான ஓவியர் நார்மன் ராக்வெல்லின் சில படங்களுக்கு மாதிரியாக நின்றவரும் இவர்தான். அமெரிக்கச் சிற்றூர்க் காவலர் எப்படி இருப்பார் என்று கேட்டால் கைகாட்டக்கூடிய ஆள்.

பாடலைத் தழுவி 1969-இல் ஆர்தர் பென் இயக்கிய படத்தில் ஓபி தன் வேடத்தில் தானே நடித்தார். என்னை வேறு ஒருவர் கோமாளியாக்குவதைவிட நானே ஆகிவிடுகிறேன் என்ற பொருளில் அதற்குக் காரணமும் சொன்னார். படப்பிடிப்பில் அவருக்கும் ஆர்லோவுக்கும் நட்பு வளர்ந்தது. 1994-இல் அவர் இறந்தார். பாடலில் அவர்மீது கேலி இருக்கிறது, வெறுப்பு இல்லை. 27 புகைப்படத்தைச் சுமந்து வந்து ஏமாறும் அந்த ஆளைப் பார்த்து நமக்கும் கொஞ்சம் இரக்கம் வரும்படிதான் கதை பின்னப்பட்டிருக்கிறது.

போர் எதிர்ப்புப் பாட்டு என்றால் நேராகப் போரைப் பற்றிப் பாட வேண்டியதுதானே? எதற்கு இத்தனை நிமிடம் குப்பை?

அதிகம் வரும் புகார் இதுதான். குப்பையை வெட்டிவிட்டு ராணுவப் பகுதியை மட்டும் கேட்கச் சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. குப்பைதான் இந்த வாதத்தின் அடித்தளம்.

முதல் பாதி கேட்பவருக்கு ஒரு அளவுகோலைக் கையில் கொடுக்கிறது. ஒரு சரிவில் கிடந்த குப்பைக்காகக் காவல் வாகனங்கள், தடம் பதித்த அச்சுகள், மோப்ப நாய், வானிலிருந்து எடுத்த படம் என்று அரசு அணிவகுத்து வருகிறது. குற்றத்தின் அளவுக்கும் ஆரவாரத்தின் அளவுக்கும் பொருத்தமே இல்லை என்று நாம் சிரித்துப் பழகிவிடுகிறோம். இரண்டாம் பாதியில் அதே அரசு மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து, 'குப்பை கொட்டிய நீ இப்போது திருந்திவிட்டாயா?' என்று கேட்கிறது. கிராமங்களையும் அங்கே வாழும் பெண்கள், குழந்தைகளையும் எரிக்கும் வேலைக்கு நான் ஒழுக்கமானவன்தானா என்று தெரிந்துகொள்ளவா இத்தனை விசாரணை என்று அவர் திருப்பிக் கேட்கிறார். முதல் பாதி இல்லாமல் இந்த வரி வந்திருந்தால் அது மேடையில் நாளும் கேட்ட முழக்கமாகப் போயிருக்கும். குப்பைக்குச் சிரித்த வாயோடு கேட்கும்போது அது தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வியட்நாம் என்ற பெயர் அந்தப் பதிவில் வருவதில்லை. யாரையும் கொலைகாரன் என்று அவர் ஏசவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. போரை ஆதரித்த ஒருவர்கூட முகம் சுளிக்காமல் பாதிவரை கேட்டிருப்பார். அந்தக் காலத்தின் எதிர்ப்புப் பாடல்கள் பலவற்றுக்கு வாய்க்காத வசதி இது.

இவ்வளவு நீளமான பாட்டை வானொலியில் எப்படிப் போட்டார்கள்?

வணிக வானொலி போட்டிருக்காது. இசைத்தட்டு வருவதற்கு முன்பே, 1967 தொடக்கத்தில், நியூயார்க்கின் டபிள்யூபிஏஐ நிலையத்தில் பாப் ஃபாஸ் நடத்திய நள்ளிரவு நிகழ்ச்சியில் இது ஒலித்தது. நேயர்களின் நன்கொடையில் நடக்கும் நிலையம் அது. இன்னொரு முறை போடுங்கள் என்று ஆளாளுக்குக் கேட்டதும், நன்கொடை சேர்ந்தால் போடுகிறோம் என்று சொல்லிப் பணம் திரட்டினார்கள். போடுவதை நிறுத்தவும் பணம் கொடுத்தவர்கள் உண்டாம்! அதே ஆண்டு ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடியதும் பெயர் நாடெங்கும் பரவியது.

அதிபர் நிக்சனிடமும் இந்த இசைத்தட்டு இருந்தது என்கிறார்களே?

இருந்தது என்று பிந்தைய அதிபர் ஜிம்மி கார்ட்டரின் மகன் தன்னிடம் சொன்னதாக ஆர்லோ மேடையில் சொல்வார். அதற்கு மேல் வருவது அவருடைய குறும்பு. வாட்டர்கேட் ஊழல் விசாரணையில், 1972 ஜூன் 20 அன்று நிக்சனின் அலுவலகத்தில் பதிவான உரையாடல் நாடாவில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோயிருந்தது தெரியவந்தது. உலகத்தில் அதே நீளமுள்ள வேறு பொருள் என்ன இருக்கிறது என்று யோசிக்கச் சொல்வார். ஆதாரம் கேட்காதீர்கள், சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படத்தைப் பார்த்தால் போதாதா?

போதாது. படம் தனிப் படைப்பு. ஆர்லோ, ஓபி, நீதிபதி ஹானன் மூவரும் தங்கள் வேடத்தில் வருகிறார்கள் என்பது சுவையான செய்திதான். ஆனால் பாடலின் குதூகலம் அதில் குறைவு, சோகம் அதிகம். ஆலிஸின் வாழ்க்கை பற்றிப் படம் புனைந்தவற்றை ஆலிஸே விரும்பவில்லை. முதலில் பாட்டு, பிறகு விருப்பம் இருந்தால் படம்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கலாமா?

பெரும்பாலும் கேட்கலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. மனநல மருத்துவர் காட்சியில் ரத்தமும் கொலையும் பேசப்படுகின்றன, அது நடிப்பு என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கடைசியில் ஒருபால் ஈர்ப்பாளர்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் வருகிறது. ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களை ராணுவம் அன்று ஏற்காது என்பதை வைத்துச் செய்த நகைச்சுவை அது. அன்றைக்கு மேடையில் கைதட்டல் வாங்கிய சொல் இன்றைக்கு உறுத்துகிறது. பிற்கால மேடைகளில் ஆர்லோவே அந்த இடத்தை மாற்றிப் பாடினார். பாடலைப் பிடிக்கும் என்பதற்காக அந்த வரிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

எந்தப் பதிவைக் கேட்பது?

1967 பதிவு. வேறு எதுவும் அதற்குப் பிறகுதான். அதே தேவாலயத்தில் மறுபடி பதிவு செய்து 1996-இல் வெளியிட்டது இருபது நிமிடத்தைத் தாண்டும். மேலே சொன்ன நிக்சன் கதை அதில்தான் இருக்கிறது. குரல் முதிர்ந்திருக்கிறது, நிதானம் கூடியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் பிடிபட்டவன் இருபது வயதில் சொல்லும்போது இருக்கும் துடுக்கு அதில் இல்லை.

ஆர்லோ பின்னாளில் குடியரசுக் கட்சிக்காரராக மாறிவிட்டாராமே? அப்படியானால் இந்தப் பாட்டுக்கு என்ன மதிப்பு?

அந்தக் கட்சியில் பதிவு செய்திருந்தார், 2008 அதிபர் தேர்தலுக்கான வேட்பாளர் தேர்வில் ரான் பாலை ஆதரித்தார் என்பது உண்மை. ஆனால் ரான் பால் ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தவர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கட்சியோடு தனக்குத் தொடர்பில்லை என்று ஆர்லோ விலகிக்கொண்டார். பாடலைப் பொறுத்தவரை, அதிகாரத்திடம் கூடுதல் விவேகத்தை எதிர்பார்க்காதே என்பதுதான் அதன் மனநிலை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதற்கு வேலை உண்டு. பாட்டு வந்தபோது ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி என்பதைக் கேள்வி கேட்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் எல்லோரையும் பாடச் சொல்கிறாரே, அது ஏன்? நாங்கள் நண்பர்கள் கூடும் இடத்தில் இதைப் பாட முடியுமா?

கட்டாய ராணுவ அழைப்பு வந்தவர் மருத்துவர் முன் நின்று இந்தப் பல்லவியை ஒரு வரி பாடிவிட்டு வெளியேற வேண்டும் என்று யோசனை சொல்கிறார். ஒருவர் செய்தால் பைத்தியம் என்பார்கள். மூவர் செய்தால் சங்கம் என்று நினைப்பார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது பேர் செய்தால் இயக்கம் என்பார்கள். அந்த இயக்கத்தில் சேர உறுப்பினர் படிவமோ சந்தாவோ இல்லை, கிட்டாரில் பல்லவி அடுத்த முறை சுற்றி வரும்போது சேர்ந்து பாடினால் போதும். அதன் பிறகு அந்தச் சுற்று வருவதற்காகவே காத்திருப்பதுபோல நேரத்தை ஓட்டுகிறார். அரங்கம் பாடுகிறது. சத்தம் போதவில்லை என்று மறுபடி பாட வைக்கிறார்.

உங்கள் கூட்டத்தில் பாடுவதற்குக் கிட்டார் பெரிய தடையாக இராது. ராக்டைம் என்ற பழைய அமெரிக்கத் துள்ளல் தாளப் பாணியில் சில கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள், திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. விரல்களை எண்ணாமல் மீட்டும் அளவுக்கு அந்தச் சுழல் பழகிவிட வேண்டும். பேச்சு வேகம் மாறினாலும் கிட்டார் மாறக் கூடாது. கதையை மனப்பாடம் செய்யாதீர்கள். எந்த வரிசையில் என்ன நடந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் சொற்களில் சொல்லுங்கள். பல்லவியை முதலிலேயே ஒருமுறை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசியில் நீங்கள் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருப்பீர்கள்.